தூளியைக் கழற்றியது யார்?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டிலில் போட்டால் தூங்க மாட்டேன் என்று ஒரே அடம். தண்ணி என்பான், சூச்சூ என்பான், மறுபடியும் தண்ணி என்பான். பதினொரு மணிக்குத்தான் கண் அசருகிறான். காலையில் எழுந்திருக்க எட்டரை ஆகிறது. மதியம் மூன்றிலிருந்து ஐந்தரை வரை நன்றாகத் தூங்குகிறான். மாமியார் பூச்சாண்டி, போலீஸ் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டார். ஒரு வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அம்மா, 'தூங்க மாட்டேன்' என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். மிச்சக் கேள்வியைப் படிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

தூங்குவது என்றால் பழந்தமிழில் தொங்குவது, ஆடுவது. ஆகாயத்தில் தொங்கிய கோட்டையை ஒரு சோழன் அழித்தான் என்பதைச் சங்கப் புலவர்கள் 'தூங்கெயில் எறிந்த' என்று பாடினார்கள். கோட்டை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது என்று அர்த்தமில்லை. தொங்கினால் ஆடும், ஆடினால் கண் சொக்கும், சொக்கினால் உறக்கம். இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான் என்பது என் கட்சி.

இந்தக் கட்சிக்கு ஓர் எதிர்க்கட்சி உண்டு. எங்களிடம் மெய்ப்புப் பார்த்த பெரியவர். நான் 'தூங்கினான்' என்று எழுதினால் 'உறங்கினான்' என்று திருத்துவார். நான் திரும்பத் தூங்க வைப்பேன். இருபது வருஷம் இப்படியே ஓடியது. ஒருமுறை தலையங்கத்தில் 'கோப்பு தூங்குகிறது' என்று எழுதினேன். 'கோப்பு உறங்குகிறது' என்று அச்சாகி வந்தது. "கோப்பு எங்கே ஐயா உறங்கியது? நாடாவில் கட்டித் தொங்குகிறது, என் சொல்தான் சரி" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது ஓய்வு பெற்றுத் திருவொற்றியூரில் இருக்கிறார். மதியம் போன் செய்து "உறங்குகிறீர்களா, தூங்குகிறீர்களா?" என்று கேட்டால் வைத்துவிடுகிறார்.

சரி, உங்கள் பையனுக்கு வருகிறேன். பிறந்ததிலிருந்து அவன் எதில் தூங்கினான்? தூளியில்தான் இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் தூளி கட்டாத பிள்ளை வீட்டை நான் பார்த்ததில்லை. கூரைக் கொக்கியில் ஒரு ஸ்பிரிங், அதில் அம்மாவின் நைந்த காட்டன் புடவை, துணி முகத்தை மூடாமலிருக்க நடுவில் ஒரு கட்டை. போகிற வருகிறவர்கள் எல்லாம் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார்கள். அதை ஒருநாள் கழற்றிவிட்டு, தவணையில் வாங்கிய கட்டிலில் பொம்மை போட்ட விரிப்பை விரித்து, "தூங்குடா" என்கிறீர்கள். கட்டிலில் எப்படித் தூங்குவது? படுக்கத்தான் முடியும். பையனுக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு உடனே தூளியைத் திரும்பக் கட்டாதீர்கள். இரண்டரை வயதுக்காரன் அதற்குள் எழுந்து நிற்பான். கொக்கி தாங்கினாலும் மண்டை தாங்காது.

அப்புறம், நீங்கள் எழுதிய மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். இரவு பதினொன்றிலிருந்து எட்டரை வரை ஒன்பதரை மணி. மதியம் இரண்டரை. ஆகப் பன்னிரண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, ஒன்றிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம். உங்கள் பையன் பைசா பாக்கி வைக்கவில்லை. மதியமே பெரிய தொகையைக் கட்டிவிட்டு வந்தவனிடம் ஒன்பது மணிக்குப் போய் மறுபடி கேட்டால் தண்ணி, சூச்சூ என்று நழுவத்தான் செய்வான்.

அந்தத் தண்ணிக்காக அவனைக் கோபிக்கவும் கூடாது. ராத்திரியில் தண்ணி என்று எழுந்திருப்பது வடசென்னையின் பரம்பரைச் சொத்து. லாரி எந்த நேரத்தில் வருமோ என்று வரிசையில் குடத்தை வைத்துவிட்டு, அந்தக் குடத்துக்குக் காவலாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த சனம் நாங்கள். காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் வந்தது. வந்தும், 2019 கோடையில் ஊரே குடமும் கையுமாக அலைந்தது. இவன் படுக்கையிலிருந்து கேட்கிறான், உடனே கிடைக்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

போலீஸ் விஷயத்தில் உங்கள் மாமியாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம் பக்கத்துப் பையன் போலீஸைப் பார்த்துப் பயப்பட இன்னும் பதினைந்து வருஷம் இருக்கிறது. சினிமாக்காரர்கள் அதை எப்படியும் செய்துவிடுவார்கள். வடசென்னை என்றாலே கையில் கத்தியைக் கொடுத்துத்தான் படம் எடுப்பேன் என்கிறவர்களோடு எனக்கு வேறு வழக்கு இருக்கிறது. இங்கே வேண்டாம். பூச்சாண்டி வருவான் என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தால் எந்த மனிதன் கண்ணை மூடுவான்? பூச்சாண்டி வருகிற திசையைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருப்பான்.

உங்கள் வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வீடு வருகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததால் புரிந்துவிட்டது. எம்.சி. ரோடோ, துறைமுகமோ, எங்கே வேலை பார்த்தாலும் பத்து மணி ஆகும். வந்ததும் பிள்ளையைத் தூக்கி மேலே போட்டுப் பிடிப்பார். பையன் கெக்கலிப்பான். பத்தரைக்கு அவரே "இன்னுமா தூங்கல?" என்று உங்களிடம் கேட்பார். பிள்ளை காத்திருந்தது தூக்கத்துக்கு இல்லை, இந்தப் பத்து நிமிஷத்துக்கு. அது கிடைத்தாக வேண்டும், காலையிலாவது. விடியுமுன் மீன் ஏலத்துக்குக் கிளம்ப வேண்டிய காசிமேட்டு வீடுகளில் எட்டு மணிக்கே விளக்கு அணைவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் பிள்ளையைத் தனியாகத் தூங்க வைப்பதில்லை. வீடே படுக்கிறது, பிள்ளை நடுவில் கிடக்கிறது. பெரம்பூர்ப் பக்கம் பின்னி மில் சங்குக்குத் தூங்கி எழுந்த வீடுகளும் அப்படித்தான். 1996-ல் மில்லை மூடினார்கள்; அதன் பிறகு அவரவர் வீட்டில் அவரவர் நேரம். (பின்னி மில்லை இழுக்காமல் இவருக்குப் பதில் எழுதத் தெரியாதா என்று கேட்கும் வாசகர்களுக்கு: தெரியாது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயிலை அனுப்பிய ராயபுரம் ஸ்டேஷனை அடுத்த இதழில் இழுக்கிறேன்.)

வழி கேட்டீர்கள் அல்லவா? மதியத் தூக்கத்தை ஒரு மணிக்கே கொண்டுவந்து இரண்டரைக்கெல்லாம் எழுப்பிவிடுங்கள். காலையில் ஏழு மணிக்கு எழுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். எட்டு மணிக்கு மேல் டியூப்லைட், டிவி, போன் மூன்றும் வேண்டாம். வெளிச்சம் கண்ணில் பட்டால், தூக்கம் வரவழைக்கிற மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும், சின்னப் பிள்ளைக்கு இன்னும் அதிகமாக. தண்ணி, சூச்சூ, ஒரு கதை, தினமும் இதே வரிசை. சிவப்புப் போர்வையா நீலமா என்பதை மட்டும் அவன் முடிவு செய்யட்டும். முதல் வாரம் கத்துவான். சீரியல் போய்விட்டது என்று மாமியாரும் கத்துவார்.

இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது 'தூங்க' என்று வரவேண்டிய இடமெல்லாம் 'உறங்க' என்று இருந்தால் நான் பொறுப்பில்லை. திருவொற்றியூரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.