மறுமொழி: கோட்டு வாசலில் பொலிஸ் திருப்பி அனுப்பியது

விளக்கமறியலில் இருக்கும் தம்பியின் வழக்குத் தவணைக்குப் போனபோது யாழ். நீதிமன்ற வாசலில் கைபேசியையும் சாப்பாட்டுப் பார்சலையும் உள்ளே விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் மேல் உள்ள சந்தேகமில்லை. 2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி உடுப்பில் வந்தவர், எதிரிக் கூண்டில் நின்றவரைச் சுட்டுக்கொன்றார். துப்பாக்கி வந்தது உட்பக்கம் குடைந்த புத்தகத்துக்குள். புத்தகமே அப்படியென்றால் சோற்றுப் பார்சலைப் பார்க்காமல் விடுவார்களா?

வாசலிலும் மன்றுக்குள்ளும் காவல் நிற்பது பொலிஸ். விளக்கமறியலில் உள்ளவரைக் கொண்டுவந்து திரும்பக் கூட்டிப்போவது சிறைச்சாலை உத்தியோகத்தர். ஆகவே தம்பிக்குச் சாப்பாடு, உடுப்புக் கொடுப்பதைப் பற்றி வாசல் பொலிஸோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, சிறைச்சாலையிலேயே கேளுங்கள். அடுத்த தவணைத் திகதிக்குப் பதிவாளர் அலுவலகம்.

கைபேசியை வீட்டிலேயே விடுங்கள். மன்றுக்குள் படம் எடுத்தால் நீதிமன்ற அவமதிப்பு வரை போகும். அடையாள அட்டையும், வழக்கு இலக்கம் எழுதிய துண்டும் கையில் இருக்கட்டும். அம்மாவும் வருவதென்றால் வெற்றிலைப் பைக்குள் பாக்குவெட்டி கிடக்கிறதா என்று பாருங்கள், அதுவும் அவர்கள் கணக்கில் ஆயுதம்தான். எட்டரைக்கே போய்விடுங்கள், வழக்குக் கூப்பிடும்போது சோதனை வரிசையில் நிற்கக்கூடாது.