பூனை குறுக்கே வந்தது, அத்தை உள்ளே போனார்

கேள்வி: எனக்கு வயது 34. கணவர், 9 வயது மகள், மாமியார், நான் என்று நான்கு பேர் குடும்பம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளை வளர்ப்பதே அத்தைதான். தங்கமான மனுஷி. ஆனால் எதற்கெடுத்தாலும் சகுனம் பார்ப்பார். விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டக் கூடாது. கிளம்பும்போது 'எங்கே போறே' என்று கேட்கக் கூடாது. ஒற்றைத் தும்மல் கேட்டால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். மாமனார் இறந்ததிலிருந்து, நாங்கள் நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் அத்தை எதிரில் வரமாட்டார், உள்ளே போய்விடுவார். இதெல்லாம் பழகிவிட்டது. போன மாதம் பரீட்சைக்குக் கிளம்பிய மகள், தெருவில் பூனை குறுக்கே போனதென்று திரும்பி வந்து அழுதாள். 'இன்னைக்கு எனக்கு எல்லாம் மறந்துடும்மா' என்றாள். கணவர் சிரிக்கிறார். அத்தையிடம் பேசினால் புண்படுவாரோ என்று பயம். இந்த நம்பிக்கைகளில் ஏதாவது உண்மை இருக்கிறதா? எப்படிப் பேச்சை எடுப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

பூனையைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அத்தை உள்ளே போவதை ஒரே வரியில் சொல்லி, 'பழகிவிட்டது' என்று தாண்டிவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் தொண்டையில் நிற்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். குழந்தை அழுதிருக்கிறாள், அவளை முதலில் பார்த்துவிடுவோம்.

பூனை எலியைத் தேடிப் போயிருக்கும், இல்லாவிட்டால் நிழலைத் தேடி. உங்கள் மகளுக்கு அன்று பரீட்சை என்பது அதற்குத் தெரியாது. கறுப்புப் பூனை குறுக்கே வந்தால் ஜப்பானில் அதிர்ஷ்டம் என்பார்கள், பிரிட்டனிலும் பல இடங்களில் அப்படித்தான். ஆக, பூனை கெட்டதா நல்லதா என்பது அது எந்த ஊர்த் தெருவைக் கடக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைச் சொன்னால் மகள் சிரிப்பாள், ஆனால் அடுத்த முறையும் அழுவாள். அவளுக்குப் பயம் பரீட்சை மேல். பூனை நேரம் பார்த்து வந்து மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

'மறந்துடும்' என்கிறாளே, அதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைக்குள் கவலை ஓடிக்கொண்டே இருந்தால், கணக்குப் போட வேண்டிய இடத்தைக் கவலை பிடித்துக்கொள்ளும். படித்தது சமயத்துக்கு வராது. மார்க் குறையும். 'பார்த்தியா, அன்னைக்குப் பூனை வந்துச்சே' என்று பாட்டியும் பேத்தியும் ஒரே குரலில் சொல்வார்கள். ஒன்றுமே செய்யாத பூனைக்குக் கெட்ட பெயர் உறுதியாகிவிடும்.

1948-இல் பி.எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எட்டுப் புறாக்களை வைத்து ஒரு சோதனை செய்தார். பசித்த புறாவைக் கூண்டில் விட்டு, அது என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வரும்படி வைத்தார். ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று மேல் மூலையைப் பார்த்துத் தலையை நீட்டி நீட்டி இடித்தது. தீனி வந்த நேரத்தில் எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதையே புறா திரும்பத் திரும்பச் செய்தது என்பது ஸ்கின்னரின் விளக்கம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த விளக்கத்தோடு மல்லுக்கட்டினார்கள், அது கிடக்கட்டும். ஒற்றைத் தும்மலுக்கு உட்கார்ந்து தண்ணீர் குடித்த அன்று பஸ் உடனே கிடைத்துவிட்டால், அடுத்த தும்மலுக்கும் நாம் உட்காரத்தான் செய்வோம். புறாவைப் பார்த்துச் சிரிக்க நமக்குப் பெரிய உரிமை இல்லை.

எனவே மகளிடம் வாதாடாதீர்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். பக்கத்தை நான்காகப் பிரித்து, பூனை வந்து நல்லது நடந்த நாள், பூனை வந்து கெட்டது நடந்த நாள், பூனை வராமல் நல்லது நடந்த நாள், பூனை வராமல் கெட்டது நடந்த நாள் என்று தலைப்புப் போடச் சொல்லுங்கள். இரண்டு மாதம் எழுதட்டும். நம் மனது இந்த நான்கில் இரண்டாவது கட்டத்தை மட்டும்தான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும், மற்ற மூன்றையும் அன்றைக்கே குப்பையில் போட்டுவிடும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எண்ணுவது பிடிக்கும். பூனை வராத நாளிலும் பென்சில் தொலையும், சினேகிதி பேசாமல் போவாள் என்பதை அவளே கண்டுபிடித்துச் சொல்வாள்.

இதில் ஏதாவது உண்மை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட முடியாது.

'அகல் வட்டம் பகல் மழை' என்று ஒரு பழமொழி. நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால் மழை வரும் என்று பொருள். அந்த வட்டம், மிக உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகங்களின் பனித்துகள்களில் நிலவொளி வளைவதால் வருவது. அப்படிப்பட்ட மேகம் பல நேரம் மழை மேகங்களுக்கு முன்னால் வரும். எப்போதும் பலிக்காது, ஆனால் யாரோ பல இரவுகள் அண்ணாந்து பார்த்துச் சொன்ன வார்த்தை அது. இதை எனக்குப் பிடிக்கக் காரணம், மறுநாள் மழை வரவில்லையென்றால் பழமொழி தோற்றது என்று சொல்லிவிடலாம். பூனைச் சகுனம் அப்படித் தோற்பதே இல்லை. கெட்டது நடந்தால் பூனையால் நடந்தது, நடக்காவிட்டால் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதால் தப்பித்தோம்!

இரவில் நகம் வெட்டக் கூடாது என்பது ஜப்பானிலும் உண்டு. வெட்டினால் பெற்றோரின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்க முடியாது என்பார்கள். அகல் விளக்கும் கத்தியும் இருந்த காலத்தில் விரல் பத்திரம் என்ற எண்ணத்தில் வந்திருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு சகுனத்துக்கும் 'முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்று ஆரம்பித்து ஒரு விஞ்ஞானக் காரணம் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. எனக்கு அதில் பொறுமை குறைவு. இரவில் மரத்தடியில் படுக்கக் கூடாது, மரம் கரியமில வாயு விடும் என்பது அதில் ஒன்று. விடும்தான். ஆனால் ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயுவை மூச்சில் விடுகிறார். மரத்துக்குப் பயந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் பயப்பட வேண்டும். மரத்தடியில் பூச்சி பொட்டு வரும், காய்ந்த கிளை விழும். அந்தக் காரணமே போதாதா?

'எங்கே போறே' என்று கேட்கக் கூடாது என்பதை விட்டுவிடுங்கள், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. நாமே வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்வதில்லையே, 'போயிட்டு வரேன்' என்றுதானே சொல்கிறோம். அதுவும் ஒரு பயத்தில் பிறந்ததுதான். அதை யாராவது மூடநம்பிக்கை என்று ஒழிக்க வந்தால் நான் குறுக்கே நிற்பேன்.

எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஒரு நம்பிக்கையைப் பார்த்தால், அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். இரண்டு நிமிடத் தாமதமும் ஒரு டம்ளர் தண்ணீரும்தான் விலை என்றால் போகட்டும். கிரகணத்தன்று நிறைமாத கர்ப்பிணியைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இருட்டறையில் உட்கார வைத்தால் போகட்டும் என்று விட முடியாது. கிரகணம் பட்டால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்று பயம். ஆனால் குழந்தையின் உதடு உருவாவது கர்ப்பத்தின் 4-வது வாரத்திலிருந்து 7-வது வாரத்துக்குள். எட்டாம் மாதத்தில் வரும் கிரகணம் அதை எப்படிப் பிளக்கும்? சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தால் விழித்திரை கெடும், அது கர்ப்பிணிக்கும் பொது, கணவருக்கும் பொது.

ஜப்பானில் 60 வருடத்துக்கு ஒரு முறை வரும் 'நெருப்புக் குதிரை' ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள், கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்று ஒரு நம்பிக்கை. 1965-இல் அங்கே 18 லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. நெருப்புக் குதிரை ஆண்டான 1966-இல் 13.6 லட்சம். அடுத்த வருடமே 19 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ரயிலும் தொழிற்சாலையுமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு நாடு, பெண் பிறந்துவிடுமோ என்று ஒரு வருடம் முழுக்கத் தயங்கியிருக்கிறது. நாம் அதிசயப்பட ஒன்றுமில்லை. 'பெண் மூலம் நிர்மூலம்' என்ற ஒற்றை வரியால் நம் வீடுகளில் எத்தனை ஜாதகங்கள் திரும்பி வந்திருக்கின்றன! இந்த மாதிரி நம்பிக்கைகளின் பில் எப்போதும் பெண்ணின் முகவரிக்கே போகிறது.

சரி, இப்போது அத்தை.

என் பெரியம்மா ஒருவர் இருந்தார். வீட்டில் நடந்த கல்யாணத்துக்கெல்லாம் இலைக்கணக்கு முதல் பால்கணக்கு வரை அவர்தான். தாலி கட்டும் நேரத்தில் சமையல்கட்டுக் கதவின் பின்னால் போய் நின்றுகொள்வார். இடுக்கு வழியாகப் பார்ப்பார். யாரும் போகச் சொன்னதில்லை. யாரும் வரச் சொன்னதும் இல்லை. எங்களுக்கும் 'பழகிவிட்டது'. அவர் போன பிறகுதான் அந்தக் கதவு எனக்குக் கண்ணில் பட்டது.

உங்கள் அத்தை பூனையை அபசகுனம் என்று நம்புகிறார். தன்னையும் அதே பட்டியலில் வைத்திருக்கிறார். பேத்திக்குத் தலைவாரி, சாப்பாடு கட்டி, ஷூ மாட்டிவிட்டு, கிளம்பும் நேரம் வந்ததும் தன் முகம் அவளுக்கு ஆகாது என்று உள்ளே போகிறார். அவரிடம் போய் மூடநம்பிக்கை என்று பிரசங்கம் செய்ய முடியுமா? அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-இல் அரசியலமைப்புச் சட்டத்திலேயே சேர்த்தார்கள், பிரிவு 51ஏ. அதை மாமியாரிடம் வாசித்துக் காட்டிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று!

அத்தை பழசை மதிப்பவர் என்றால், பழசிலிருந்தே ஒன்று சொல்கிறேன். பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், தலைவன் போருக்குப் போயிருக்கிறான். அவன் வருவானா என்று சகுனமாக ஒரு நற்சொல் கேட்டு வர ஊருக்கு வெளியே போகிறவர்கள் யார் தெரியுமா? பெருமுது பெண்டிர், அதாவது மிக வயதான பெண்கள். அங்கே ஆயர்மகள் ஒருத்தி, தவிக்கும் கன்றைப் பார்த்து 'இப்போதே வந்துவிடுவார்கள் உன் தாயர்' என்கிறாள். அந்த நல்ல வார்த்தையைத் தலைவியிடம் கொண்டுவந்து சேர்ப்பது அந்தக் கிழவிகள்தான். இதை ஒரு ராத்திரி, பேத்திக்குக் கதை சொல்கிற மாதிரி, அத்தை காதில் விழும்படி சொல்லுங்கள்.

பேச்சை எடுக்க வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் கணவர். அவருடைய அம்மா. மருமகள் சொன்னால் குத்தலாகத் தெரியலாம்; மகன் 'அம்மா, நீ வாசல்ல நில்லு, உன் முகத்தைப் பார்த்துட்டுப் போறேன்' என்றால் அதன் எடையே வேறு. அவர் சிரித்தது போதும், இந்த வேலையைச் செய்யட்டும்.

ஆனால் கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று பெரிய நாளில் ஆரம்பிக்க வேண்டாம். அன்றைக்கு ஏதாவது தவறினால் அத்தை காலமெல்லாம் தன்னையே நொந்துகொள்வார். ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, மகள் சாதாரணமாகப் பள்ளிக்குக் கிளம்பும்போது ஆரம்பியுங்கள். மகளே கையைப் பிடித்து இழுத்து வரட்டும். முதல் தடவை அத்தை வரமாட்டார். அடுத்த வாரமும் 'எனக்கு அடுப்புல வேலை இருக்கு' என்பார். கட்டாயப்படுத்தாதீர்கள், விட்டும் விடாதீர்கள். ஒரு நாள் திண்ணை வரை வருவார், இன்னொரு நாள் தெருமுனை வரை.

நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள்: 'பாட்டி டாட்டா காட்டின நாள்'. அதை நிரப்புகிற பொறுப்பை அத்தையிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த பரீட்சை வருவதற்குள் சில பக்கங்களாவது ஓடியிருக்கும். அன்று காலையில் பாட்டி வாசலில் நிற்கட்டும். பூனையும் வந்தால், வரட்டும், அதையும் எழுதிக்கொள்ளலாம்.