கொன்றவனின் பெயர் எதற்கு? (கேள்வி பதில்)

கேள்வி: கூட்டமாக ஆட்களைச் சுட்டுக் கொன்றவனின் பெயரையும் படத்தையும் ஊடகங்கள் திரும்பத் திரும்பக் காட்டக்கூடாது, அதைப் பார்த்து இன்னொருவன் கிளம்புவான் என்கிறீர்கள். செய்தியைப் பார்த்துவிட்டு யாராவது துப்பாக்கியைத் தூக்குவார்களா? நம்ப முடியவில்லை.

பதில்: சும்மா இருக்கிறவர் தூக்கமாட்டார். ஏற்கெனவே உள்ளுக்குள் புகைந்துகொண்டிருப்பவனைத்தான் சொல்கிறேன். இன்னொருவனின் முகம் நாள் முழுக்கத் திரையில் ஓடும்போது, தன்னையும் ஊரே பேசவேண்டும் என்ற ஆசை அவனுக்கு வருகிறது. அமெரிக்கப் பள்ளித் துப்பாக்கிச்சூடுகளைப் பற்றி 2015இல் வந்த ஓர் ஆய்வு, ஒன்று நடந்தால் சராசரியாக 13 நாட்களுக்கு இன்னொன்றுக்கான வாய்ப்பு கூடியிருக்கும் என்று கணக்கிட்டது. இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவன், 1999இல் கொலம்பைன் பள்ளியில் சுட்டவர்களைத் தியாகிகள் என்றே சொல்லிவிட்டுப் போனான்.

கேள்வி: நான் இதழியல் மாணவி. பெயரை மறைத்தால் செய்தியை மறைத்ததாகாதா சார்?

பதில்: ஆகாதும்மா. அதே வர்ஜீனியா டெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் விடுதியில் இருவரைச் சுட்டான். அப்புறம் தபால் நிலையத்துக்குப் போய் என்பிசி தொலைக்காட்சிக்கு ஒரு பார்சல் அனுப்பினான். அதன் பிறகுதான் வகுப்பறைகளில் 30 பேரைக் கொன்றான். பார்சலுக்குள் துப்பாக்கியோடு தன்னைத் தானே எடுத்த படங்கள், வீடியோ, நீண்ட கடிதம். அஞ்சல் குறியீடு தப்பு, அதனால் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த அன்றே ஒளிபரப்பிவிட்டார்கள். மனம் வெறுத்து, என்பிசிக்கு ஒப்புக்கொண்ட பேட்டியை ரத்து செய்த, பலியானவர்களின் குடும்பங்கள் உண்டு. இரண்டு கொலைக்களங்களுக்கு நடுவே தபால் நிலையம் போயிருக்கிறான் என்றால் அந்தப் பார்சல் அவனுக்கு எவ்வளவு முக்கியம்! ஆள் தப்பி ஓடிக்கொண்டிருந்தால் பெயர், படம் எல்லாம் போட்டே ஆகவேண்டும். பிடிபட்ட பிறகு பெயர் ஒரு முறை போதும். அவன் அனுப்பிய படம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: துப்பாக்கி தாராளமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு ஊடகத்தைக் குறை சொல்கிறீர்களே?

பதில்: இரண்டையும்தான் சொல்கிறேன். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைப் பறிகொடுத்த நியூசிலாந்து, ஒரு மாதத்துக்குள் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு (ஒரு முறை சுட்டதும் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்பவை) தடை போட்டது. நாடாளுமன்றத்தில் எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு. அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் கொன்றவன் பெயரை உச்சரிக்கவே மாட்டேன் என்றார்; இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வழக்கு விசாரணையை எப்படி எழுதுவது என்று அந்நாட்டின் ஐந்து பெரிய ஊடகங்கள் கூடிப் பேசி விதி வகுத்தன.

கேள்வி: அந்த மாதிரித் துப்பாக்கிச்சூட்டு வீடியோ ஒன்று என் மகன் போனுக்கு வந்திருக்கிறது. 14 வயது. என்ன செய்வது?

பதில்: கிறைஸ்ட்சர்ச்சில் சுட்டவன் அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகவே காட்டினான். அந்த வீடியோவின் 15 லட்சம் பிரதிகளை முதல் 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் நீக்கியது. உங்கள் பிள்ளையிடம் வந்ததில் அவன் தப்பு எதுவும் இல்லை. திட்டாதீர்கள், அடுத்த முறை ஒளித்துவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்து எதுவரை பார்த்தான் என்று கேளுங்கள், இருவருமாக அழித்துவிடுங்கள். தூக்கம் கெடுகிறதா என்று சில நாள் கவனியுங்கள். அனுப்பிய பையனின் வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சண்டையாக இல்லாமல்.