ஃபேடரை இறக்கியும் கேட்கும் குரல்: ஒலிப்பதிவுக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் “புது மைக் வாங்கட்டுமா?” என்றுதான் முடிகின்றன. வேண்டாம். மஞ்சக்குப்பத்தில் என் சிறிய பதிவறைக்கு வருகிற புகார்களில் பெரும்பாலானவை கருவியின் கோளாறு அல்ல. ஒலி எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காததன் கோளாறு. நான் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் வேலை செய்கிறேன், அதனால் உதாரணங்கள் அதிலிருந்து வரும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பட்டன்கள் இடம் மாறியிருக்கும், வழி மாறாது.

பாடியதைப் போட்டுக் கேட்டால் இடது காதில் மட்டும் குரல் வருகிறது. ஹெட்போனையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். (கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை)

ஹெட்போன் பாவம், அதை விட்டுவிடுங்கள். உங்கள் டிராக்கின் (மென்பொருளில் ஒலி பதியும் தடத்தின்) இன்புட் ‘ஸ்டீரியோ 1/2’ என்று இருக்கும். மைக் சொருகியிருப்பதோ முதல் இன்புட்டில் மட்டும். இரண்டாவது இன்புட்டின் வெறுமையைத்தான் வலது காது கேட்டுக்கொண்டிருக்கிறது. ‘மோனோ 1’ என்று மாற்றுங்கள். ஏற்கெனவே பாடியதை மறுபடி பாட வேண்டியதில்லை; பதிவான துண்டின் சேனல் மோடை ‘மோனோ, இடது’ ஆக்கினால் நடுவுக்கு வந்துவிடும்.

கீபோர்டை யூஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைத்ததும் ஒவ்வொரு சுரமும் இரட்டையாக ஒலிக்கிறது. மிடியாகப் பதிந்த பாட்டை நண்பர் வீட்டில் திறந்தால் சத்தமே இல்லை. (மெல்லிசைக் குழுக் கலைஞர், கடலூர் முதுநகர்)

இரண்டுக்கும் வேர் ஒன்று. 1983இல் வந்த மிடி என்பது ஒலி அல்ல, குறிப்பு. எந்தக் கட்டையை, எவ்வளவு அழுத்தி வாசித்தீர்கள் என்பதை, வாசித்த அந்தக் கணத்திலேயே 0 முதல் 127 வரையுள்ள எண்களாக அனுப்புகிறது, அவ்வளவுதான். உங்கள் நண்பர் வீட்டுக்கு நீங்கள் கொண்டுபோனது சுரம் எழுதிய நோட்டுப் புத்தகம். வாசிக்க அங்கே ஆள் இல்லை.

இரட்டை ஒலி எப்படி வருகிறது? கட்டையை அழுத்தியதும் கீபோர்டு தானே ஒருமுறை ஒலிக்கிறது. அதே குறிப்பு யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குப் போய், டிராக்கின் மிடி அவுட்புட் வழியாகத் திரும்பி வந்து, கீபோர்டை இன்னொரு முறை தட்டி எழுப்புகிறது. கீபோர்டின் மிடி மெனுவில் ‘லோக்கல் கன்ட்ரோல்’ என்று ஒன்று இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். கட்டைகளுக்கும் உள்ளே இருக்கும் ஒலிப் பகுதிக்கும் உள்ள நேரடித் தொடர்பு அறுந்து, குறிப்பு லேப்டாப்பைச் சுற்றி ஒரே வழியில் வரும்.

பிறகு, கீபோர்டின் ஒலி பிடித்திருந்தால் அதை ஒலியாகவே பதிய வேண்டும். கீபோர்டின் லைன் அவுட்டிலிருந்து இடது, வலது இரண்டு ஒயர்கள் இன்டர்ஃபேஸுக்கு (மைக்கையும் ஒயரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டிக்கு); புதிதாக ஓர் ஆடியோ டிராக்; அதன் இன்புட் இப்போது நிஜமாகவே ஸ்டீரியோ 1/2. மிடி டிராக் ஓட ஓட, இந்த டிராக்கில் பதிவு செய்துகொள்ளுங்கள். நண்பர் வீட்டுக்கு இதைக் கொண்டுபோங்கள்.

ஓர் எச்சரிக்கை. சில மாடல்கள் லோக்கல் ஆஃப் என்பதை அணைத்துப் போட்டாலும் மறப்பதில்லை. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் ஒரு கச்சேரிக்கு அப்படியே எடுத்துச் சென்று, மேடையில் கட்டைகளை அழுத்தி அழுத்திப் பார்த்து, ஒயரைக் குறை சொல்லி, ஒலிபெருக்கிக்காரரிடம் சண்டைக்கும் போனவன் நான். அன்றிலிருந்து கீபோர்டின் நெற்றியில் வெள்ளை டேப் ஒட்டி ‘லோக்கல்?’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எட்டுப் பேர் பாடும் தேவாலயப் பாடகர் குழு. ஒவ்வொரு டிராக்கிலும் ரிவெர்ப் (மண்டபத்தில் பாடுவது போன்ற எதிரொலிப்பு) போட்டதும் லேப்டாப் திணறியது. ஒரு பஸ் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். இப்போது ஒருவருடைய ஃபேடரை (ஒலி அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தியை) முழுக்க இறக்கினாலும் அவர் குரல் எங்கோ தூரத்தில் கேட்கிறது. (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

நல்ல கேள்வி. பஸ், அதாவது பல டிராக்குகளின் ஒலி வந்து சேரும் பொதுத் தடம், வைத்தது சரி. கடலூர் பஸ்ஸுக்கும் மிக்சர் பஸ்ஸுக்கும் ஒரே பூர்வீகம்தான்: ‘எல்லோருக்குமாக’ என்ற பொருளுள்ள ‘ஆம்னிபஸ்’ என்ற லத்தீன் சொல். எட்டுக் குரலும் ஒரே ரிவெர்பில் ஏறிக்கொள்வதால் லேப்டாப்புக்குச் சுமை குறைகிறது. எட்டுப் பேரும் ஒரே மண்டபத்தில் நிற்பது போலவும் இருக்கும்.

தவறு செண்ட் (ஒரு டிராக்கின் ஒலியில் ஒரு பங்கைப் பிரித்து பஸ்ஸுக்கு அனுப்பும் வழி) எடுக்கும் இடத்தில். ஃபேடரை வாய்க்காலில் உள்ள மதகு என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகுக்கு முன்னாலேயே ஒருவர் குழாய் போட்டுத் தண்ணீர் எடுத்தால், மதகை அடைத்த பிறகும் அவர் வயலுக்குப் பாயும். உங்கள் செண்ட் ‘ப்ரீ ஃபேடர்’ என்று இருக்கிறது, அதாவது மதகுக்கு முன்னால் போட்ட குழாய். நேர்க்குரல் நின்றுவிட்டது, ரிவெர்பில் விழுந்த குரல் மட்டும் நிற்கவில்லை. ‘போஸ்ட் ஃபேடர்’ என்று மாற்றுங்கள். கூடவே ரிவெர்பில் ‘டிரை’ (எதிரொலிப்பு சேராத மூலக்குரல்) அளவைச் சுத்தமாக இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் மூலக்குரல் இரண்டு வழியாக வந்து கூடிக்கொள்ளும்.

ப்ரீ ஃபேடரும் வேண்டாத பொருளல்ல. பாடுபவரின் ஹெட்போனுக்குத் தனிக் கலவை அனுப்பும்போது அதுதான் வேண்டும். நீங்கள் உங்கள் வசதிக்கு ஃபேடரை ஏற்றி இறக்கினால் பாடுபவர் காதில் எதுவும் ஆடக் கூடாது.

தவில் வாசிக்கிறேன். ஹெட்போனில் என் அடியே எனக்குப் பின்தங்கிக் கேட்கிறது. லயமே போகிறது. (பண்ருட்டி)

பஃபர் அளவு (லேப்டாப் சேர்த்துவைத்து ஒரே தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 1024 என்று இருக்கிறதா பாருங்கள். வினாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில் 1024 மாதிரிகள் நிரம்ப 23 மில்லி வினாடி ஆகும். உள்ளே வர ஒருமுறை, வெளியே போக ஒருமுறை, 46 ஆகிவிட்டது. காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 16 மீட்டருக்கு அப்பால் யாரோ தவில் வாசிப்பதை நீங்கள் கேட்பதற்குச் சமம். இதில் லயம் நிற்குமா? பஃபரை 128க்கு இறக்கினால் போக வர 6 மில்லி வினாடி. இரண்டு மீட்டர் தூரம்தான். பதிவு முடிந்து மிக்சிங்குக்கு வந்ததும் மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள்.

லேப்டாப் 128ஐத் தாங்காமல் படபடவென்று வெடித்தால், இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போடுங்கள். ஒலி கணினிக்குள் போகாமலே காதுக்கு வரும். அப்போது மென்பொருளின் மானிட்டரிங்கை அணைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடி இரண்டாகக் கேட்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: வலந்தலைக்கு (விரல் கூடு படும் பக்கம்) ஒன்று, தொப்பிக்கு (கழி படும் பக்கம்) ஒன்று என மைக் வைத்தால் இரண்டையும் தனித்தனி மோனோ டிராக்கில் எடுங்கள். விரல் கூடுகளின் ஒலிக்கும் கழியின் ஒலிக்கும் ஒரே ஈக்வலைசர் ஒத்துவராது.

கூத்து பற்றிய ஆவணப் படம். வர்ணனை வரும்போதெல்லாம் முகவீணையும் ஆர்மோனியமும் தானாகவே தணிய வேண்டும். (நெல்லிக்குப்பம்)

இதற்குப் பெயர் சைடு செயின்: ஒரு டிராக்கின் ஒலியைக் கேட்டு இன்னொரு டிராக் தணிவது. இசை டிராக்கின் சேனல்களை 4 ஆக்கி, வர்ணனை டிராக்கிலிருந்து 3, 4 சேனல்களுக்கு ஒரு செண்ட் கொடுங்கள். இசையில் கம்ப்ரஸர் (சத்தம் ஏறினால் தானாகத் தணிக்கும் கருவி) போட்டு, எந்த ஒலியைக் கேட்டுத் தணிக்க வேண்டும் என்று சொல்லும் டிடெக்டர் இன்புட்டை ‘ஆக்ஸிலரி’ ஆக்குங்கள். குரல் அந்தச் சேனல்களுக்கு ஒலிப்பதற்காகப் போகவில்லை, உளவு சொல்லப் போகிறது. ரிலீஸை (தணிந்த இசை மீண்டும் எழ எடுக்கும் நேரத்தை) நிதானமாக வையுங்கள். அவசரப்பட்டால் இரண்டு சொற்களுக்கு நடுவில் முகவீணை எட்டிப் பார்க்கும்.

எல்லாப் பதிவிலும் ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல். எந்த செண்டை அணைக்க வேண்டும்? (திருப்பாதிரிப்புலியூர்)

எதையும் அணைக்க வேண்டாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள். நின்றுவிட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை; எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.