ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததுமே யூதர்களையும் ரோமா மக்களையும் (‘ஜிப்சிகள்’ என்று அழைக்கப்பட்டவர்கள்) கொல்லத் தொடங்கிவிட்டாரா? படிப்படியாக நடந்ததென்றால், அந்தப் படிகள் என்ன?

உடனே தொடங்கவில்லை. 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவியேற்றார். போலந்தின் செல்ம்னோவில் முதல் கொலைமுகாம் இயங்கத் தொடங்கியது 1941 டிசம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் தெருவில் நடந்த வன்முறையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அதைவிட முக்கியமானவை அரசு அலுவலகங்களில் சேர்ந்த படிவங்கள்.

முதல் அடி 1933 ஏப்ரல் 7 சட்டம். யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கியது. முதல் உலகப்போரில் போர்முனையில் நின்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் வற்புறுத்தியதால் வந்தது அது. இதோடு நின்றுவிடும் என்று பலர் நம்பியதற்கு இப்படிப்பட்ட விலக்குகளும் ஒரு காரணம். 1935-இல் அந்த விலக்கும் போய்விட்டது.

1935 செப்டம்பர் 15-இல் வந்த நியூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. மற்ற ஜெர்மானியரோடு திருமணத்தையும் தடுத்தன. ஆனால் யூதர் யார் என்று அவற்றில் எழுதியிருக்கவில்லை. நவம்பர் 14-இல் வந்த ஆணைதான் அதைச் சொன்னது: தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதர் என்றால் நீங்களும் யூதர். இருவர் மட்டும் என்றால், நீங்கள் யூதச் சபையில் உறுப்பினரா, யூதரை மணந்தவரா என்று பார்ப்பார்கள். சரி, அந்தத் தாத்தா யூதர் என்பதற்கு என்ன சான்று? அவர் யூதச் சமயச் சபையில் இருந்தார் என்ற பதிவு. பேச்செல்லாம் ரத்தத்தைப் பற்றி, கையில் இருந்ததோ ஞானஸ்நானப் பதிவேடும் சபைப் பதிவேடும்.

அடுத்தது சொத்து. 1938 ஏப்ரல் 26 ஆணைப்படி 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர்கள் முழுக் கணக்கையும் அரசிடம் பதிய வேண்டும். நவம்பர் 9, 10-இல் யூத ஆலயங்களைக் கொளுத்தி, கடைகளை அடித்து நொறுக்கி, சுமார் 30,000 ஆண்களைக் கைது செய்தார்கள். ‘ஜெர்மானியர் மீதான பகைமைக்குப் பரிகாரம்’ என்று 100 கோடி மார்க் அபராதத்தை யூதர்கள் தலையிலேயே கட்டினார்கள். அதை வசூலிக்கப் புதிதாக எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. ஏப்ரலில் பதிந்த கணக்கை எடுத்து, ஆளுக்கு 20 சதவீதம், நான்கு தவணை. பிறகு 25 சதவீதமாக்கினார்கள்.

‘அப்போதே நாட்டைவிட்டுப் போயிருக்கலாமே’ என்ற கேள்வி இங்கே வரும். பெரிய எண்ணிக்கையில் போனார்கள். ஆனால் நாட்டைவிட்டுப் போக 25 சதவீத வரி (1931-இல், ஹிட்லருக்கு முன்பே போட்டது). மிச்சப் பணத்தையும் வெளியே எடுத்துப்போக விடவில்லை. வெறுங்கையோடு வருபவரை ஏற்கவும் நாடுகள் தயாரில்லை. 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியானில் 32 நாடுகள் கூடிப் பேசி, ஏறக்குறைய எல்லாமே கையை விரித்தன.

ரோமா மக்களின் கதை வேறு வழியாகப் போனது. அதைக் கையாண்டது போலீஸ். மியூனிக் போலீஸ் 1899-லேயே அவர்களுக்கெனத் தனிப்பிரிவு வைத்துக் கோப்பு சேர்த்துவந்தது. 1926-இல் பவேரியா மாநிலம் தனிச் சட்டமே போட்டது. அதாவது நாஜிகள் வந்தபோது பட்டியலின் ஒரு பகுதி தயார். 1936 ஜூலையில், ஒலிம்பிக்குக்கு முன்பாக, பெர்லினில் இருந்த சுமார் 600 பேரை மார்சான் முகாமில் அடைத்தார்கள். அதே ஆண்டு ராபர்ட் ரிட்டர் என்ற மருத்துவர் தலைமையில் ‘இன ஆய்வு’ தொடங்கியது. அவருக்கு ஒரு சங்கடம்: ரோமா மொழி இந்திய-ஆரிய மொழி, நாஜிக் கணக்குப்படி இவர்கள் ஆரியர்களாகிவிடுவார்கள்! ஆகவே பெரும்பாலோர் கலப்பினத்தவர், கலப்பினத்தவரே ஆபத்தானவர் என்று அவர் எழுதினார். போர் முடிவதற்குள் சுமார் 24,000 பேருக்கு இப்படிச் சான்று தயாரானது. 1938 டிசம்பரில் எஸ்.எஸ். படைக்கும் போலீஸுக்கும் தலைவரான ஹிம்லரின் ஆணை இதைக் காவல்துறை நடைமுறையாக்கியது. 1939 அக்டோபரில் இருந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது என்று உத்தரவு வந்தது.

கொலை பெருவாரியாகத் தொடங்கியது 1941 ஜூனில் சோவியத் படையெடுப்போடு. முதலில் பெரும்பாலும் ஆண்களைச் சுட்டார்கள். ஆகஸ்டுக்குள் பெண்கள், குழந்தைகள் என்ற வேறுபாடே இல்லை. கீவ் நகருக்கு வெளியே பாபி யாரில் செப்டம்பர் 29, 30 இரண்டே நாளில் 33,771 யூதர்கள். ரோமா மக்களும் இப்படியே சுடப்பட்டார்கள். பிறகு விஷவாயு வந்தது. 1940-41-இல் ஜெர்மனியில் மாற்றுத்திறனாளிகள் 70,000-க்கும் மேற்பட்டோரை விஷவாயுவால் கொன்று பழகிய ஆட்களே கொலைமுகாம்களுக்கு மாற்றப்பட்டார்கள். 1942 ஜனவரி 20-இல் பெர்லினின் வான்சேயில் உயரதிகாரிகள் கூடிய கூட்டத்தில்தான் கொலை முடிவானது என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. அப்போது செல்ம்னோ ஆறு வாரமாக இயங்கிக்கொண்டிருந்தது; ஆஸ்திரியாவின் புர்கன்லாந்திலிருந்து போலந்தின் லோட்ஸ் கெட்டோவுக்கு (யூதர்களை அடைத்துவைத்த நகரப்பகுதி) அனுப்பிய 5,007 ரோமாக்களில் காய்ச்சலுக்குத் தப்பியவர்களை அந்த மாதமே அங்கே கொன்றார்கள். அந்த 5,007 பேரில் பாதிக்கு மேல் குழந்தைகள். வான்சேயில் நடந்தது துறைகளுக்கிடையே வேலைப் பங்கீடு.

1941 நவம்பர் 25 ஆணையையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் யூதர் குடியுரிமையை இழப்பார், சொத்து அரசுக்கு. நாடுகடத்தும் ரயில் எல்லையைத் தாண்டினால் அதுவே ‘வெளிநாட்டு வாசம்’. தனித்தனி ஆளாகப் பறிமுதல் உத்தரவு போடும் வேலை மிச்சம்.

ரோமாக்களை ஆஷ்விட்ஸுக்கு அனுப்ப ஹிம்லர் உத்தரவிட்டது 1942 டிசம்பர் 16-இல். சுமார் 23,000 பேர் அங்கே குடும்பத்தோடு அடைக்கப்பட்டார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவில் மிஞ்சியிருந்த 4,000-க்கும் மேற்பட்டோரை வாயு அறைக்கு அனுப்பி அந்தப் பிரிவையே மூடினார்கள். மொத்தத்தில் கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 60 லட்சம். ரோமாக்கள் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை என்பது மதிப்பீடு.

போலீஸ் வழியாக நடந்ததன் விளைவு போருக்குப் பிறகும் தொடர்ந்தது. 1943-க்கு முன் ரோமாக்கள் மீது எடுத்த நடவடிக்கை இன அடிப்படையிலானது அல்ல, குற்றத்தடுப்பு என்று மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1956-இல் தீர்ப்பளித்தது. பலருக்கு நிவாரணம் மறுக்கப்பட்டது அதை வைத்துத்தான். 1963-இல் நீதிமன்றம் அதைத் திருத்திக்கொண்டது. நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொள்ள 1982 ஆயிற்று.