பழைய தேனீப் பெட்டிச் சட்டங்களை அப்படியே போடாதீர்கள்

உங்கள் இரண்டு தேனீக் கூட்டங்களைப் பிரித்து ஆறாக்க, பழைய தேனீப் பெட்டிகளும், தேனடையோடு கூடிய மரச் சட்டங்களும் வாங்கியிருக்கிறீர்கள். கழுவினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. அவற்றில் இருந்த கூட்டங்கள் ஏன் அழிந்தன என்று விற்றவரிடம் முதலில் கேளுங்கள். அடையில் உள்ள அறைகளின் கீழ்ப்பக்கச் சுவரில் கருத்த செதில் காய்ந்து ஒட்டியிருந்தால் அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். அதன் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், உறையவைத்தாலும் சாகாது. அந்தச் சட்டங்களை எரித்துவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். இருக்கும் இரண்டு நல்ல கூட்டங்களை நினைத்து எரியுங்கள்.

அந்தச் சந்தேகம் இல்லையென்றால், அடைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளியே ஊடுருவாத அளவுக்குக் கருத்தவற்றை உருக்கிவிடலாம். நல்லவற்றை மைனஸ் 18 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் அடையை அரிக்கும் மெழுகு அந்துப்பூச்சியின் முட்டைகூடச் செத்துவிடும். அப்புறம் ஈரம் காயவிட்டு, பூச்சி நுழையாதபடி மூடி வையுங்கள். பெட்டிகளைச் சுரண்டி, உட்புறத்தைத் தீச்சுடரால் லேசாகப் பழுப்பேறும்வரை வாட்டினால் சரி.

அளவையும் பாருங்கள். நான் ஒருமுறை வெவ்வேறு பெட்டிகளைக் கலந்துவிட்டேன். சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி 9 மில்லிமீட்டரைத் தாண்டிய இடமெல்லாம் தேனீக்கள் குறுக்கே அடை கட்டி, சட்டத்தைத் தூக்கவே முடியவில்லை. கூட்டம் பிரிப்பதற்கு முன்பே எல்லாச் சட்டங்களையும் பெட்டியில் பொருத்திப் பார்த்துவிடுங்கள்.