‘ஒரே ஒரு மேட்ச்மா!’: வீடியோ கேம் பற்றிப் பெற்றோர் கேட்ட கேள்விகள்

என் மகனுக்கு 10 வயது. சாப்பிடக் கூப்பிட்டால் ‘ஒரே ஒரு மேட்ச்மா’ என்கிறான். பொறுத்துப் பார்த்துவிட்டு மொபைலைப் பிடுங்கினால் வீடு ரெண்டாகிறது. நேற்று சாப்பாட்டுத் தட்டையே தள்ளிவிட்டான். சொல்பேச்சு கேட்காத பிள்ளையாகிவிட்டானோ?

அப்படி முடிவு கட்டுவதற்கு முன், அவன் ஆடுவது என்ன கேம், அது எப்படி முடிகிறது என்று பாருங்கள். பலர் சேர்ந்து ஆன்லைனில் ஆடும் கேம்களைப் பெரும்பாலும் நடுவில் நிறுத்தி வைக்க வழி கிடையாது. ஃபோர்ட்நைட் மாதிரியான ‘பேட்டில் ராயல்’ ஆட்டத்தில் 100 பேர் வரை களத்தில் இறங்குவார்கள். கடைசியில் ஒருவரோ ஓர் அணியோ மிஞ்சும்வரை ஆட்டம் ஓடும். கடைசிவரை தாக்குப்பிடித்தால் ஒரு மேட்சுக்கு 20 நிமிடத்துக்கு மேலும் ஆகும். பாதியில் எழுந்து போனால் அவன் தோற்பது மட்டுமில்லை, கூட ஆடும் நண்பர்களையும் நட்டாற்றில் விட்டதாகிவிடும். மறுநாள் பள்ளியில் அதற்குத் தனியாகத் திட்டு விழும். செஸ் ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் யாராவது பலகையைக் கவிழ்த்தால் நமக்கும் கோபம் வரத்தானே செய்யும்?

கடிகாரத்தை வைத்துப் பேசாமல் மேட்சை வைத்துப் பேசுங்கள். ‘எட்டு மணிக்கு நிறுத்து’ என்பதைவிட ‘இன்னும் ரெண்டு மேட்ச், அப்புறம் சாப்பாடு’ என்பது அவனுக்குப் புரிகிற கணக்கு. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது புது மேட்ச் தொடங்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதையெல்லாம் ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே பேசிவிட வேண்டும். நடுவில் பேசினால் காதில் ஏறாது. ஒத்துக்கொண்ட பிறகும் மூன்றாவது மேட்சுக்குள் போனால் மறுநாள் கேம் இல்லை. இதில் மட்டும் இளகாதீர்கள். தட்டைத் தள்ளியது வேறு விஷயம். அதற்கு அவன் மன்னிப்புக் கேட்கட்டும், சிந்தியதைத் துடைக்கட்டும்.

என்னிடம் வரும் குடும்பங்களில் ‘எவ்வளவு நேரம்’ என்பதைவிட ‘எப்படி நிறுத்துவது’ என்பதில்தான் சண்டை அதிகம்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விடலாம்? ஓர் எண்ணைச் சொல்லுங்களேன்.

சின்னக் குழந்தைகளுக்கு எண் இருக்கிறது. 2 வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், அதுவும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் எண்ணைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கழித்தல் கணக்குப் போடச் சொல்வேன். 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம். பள்ளி, வீட்டுப்பாடம், உடம்பு வியர்க்க ஒரு மணி நேர ஓட்டம், குடும்பத்தோடு சாப்பாடு, சும்மா இருக்கக் கொஞ்ச நேரம் (இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்) எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதில்தான் கேம். பள்ளி நாட்களில் அது ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது கஷ்டம். விடுமுறையில் கூடும், கூடட்டும். இரவில் மொபைல் அவர்கள் அறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். உங்களுடையதும்தான்.

13 வயது மகன் ‘ஜிடிஏ’ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கேம் கேட்கிறான். வகுப்பில் எல்லோரும் ஆடுகிறார்களாம். வன்முறை கேம் ஆடினால் பிள்ளை முரடனாகிவிடுவானா?

இந்தப் பயம் பழையது. ‘மார்ட்டல் காம்பாட்’ கேமில் தெறித்த ரத்தத்தைப் பார்த்து அமெரிக்க செனட்டில் 1993-லேயே விசாரணை நடந்தது. அதன் விளைவாகத்தான் மறு ஆண்டு ஈ.எஸ்.ஆர்.பி. என்ற வயது முத்திரை முறை வந்தது. ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் சொன்னது இது: கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு தெரிகிறது, ஆனால் கொடூரக் குற்றங்களுக்குக் கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை.

ஆகவே அவன் கத்தி எடுப்பான் என்ற பயம் வேண்டாம். ஆனாலும் என் பதில் ‘வேண்டாம்’தான். ஜிடிஏ 5-க்கு ஐரோப்பிய முத்திரை 18, அமெரிக்க முத்திரை 17. அதில் ஒருவரைச் சித்திரவதை செய்யும் காட்சி இருக்கிறது. அதைச் செய்வதே ஆடுபவரின் கைதான். பெரியவர்களுக்காகப் பெரியவர்கள் செய்த கேம் அது. யூடியூபில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ஏன் வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். பார்க்காமல் மறுத்தால் அவன் மதிக்க மாட்டான். ‘எல்லோரும் ஆடுகிறார்கள்’ என்பதை, அந்த ‘எல்லோரில்’ இரண்டு பேரின் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள்.

இலவச கேம்தானே என்று விட்டேன். 9 வயது மகள் என் கார்டிலிருந்து பெரிய தொகையைச் செலவழித்திருக்கிறாள். திருடுகிறாளா?

திருட்டு என்ற சொல்லை அவள் முன்னால் சொல்லாதீர்கள். இலவச கேம்கள் பெரும்பாலும் உள்ளே விற்கும் பொருளில்தான் பிழைக்கின்றன. முதலில் பணத்தைக் காசாகவோ வைரமாகவோ மாற்ற வைப்பார்கள். பிறகு அந்த வைரத்தைச் செலவழிக்கச் சொல்வார்கள். 9 வயதுப் பிள்ளைக்கு அது பணம் என்றே தோன்றாது. இதில் ‘லூட் பாக்ஸ்’ என்ற பரிசுப் பெட்டி வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். அடுத்ததில் வரும், அதற்கடுத்ததில் வரும் என்று திறக்க வைப்பது சூதாட்ட இயந்திரத்தின் அதே தந்திரம். பெல்ஜியம் 2018-இல் காசு கொடுத்துத் திறக்கும் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்துவிட்டது. பயனர்களை விரும்பாத செலவில் சிக்க வைத்த வழக்கில், 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் 2022-இல் ஒப்புக்கொண்டது. பெரியவர்களே ஏமாறுகிற இடம் இது.

இன்றே ஆப் ஸ்டோரில் ரீஃபண்டு கேளுங்கள். பிள்ளை தெரியாமல் வாங்கியது என்று எழுதினால் பல நேரம் கிடைக்கும், தள்ளிப்போட்டால் கஷ்டம். கார்டு விவரத்தை நீக்குங்கள், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி செட்டிங்ஸை மாற்றுங்கள். பிறகு எதை வாங்கினாள் என்று அவளையே காட்டச் சொல்லுங்கள். காட்டும்போது அவள் முகத்தில் பெருமை தெரிந்தால், அது பணம் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

16 வயது மகன் விடுமுறையில் நாளெல்லாம் கேம்தான். இது அடிமைத்தனமா?

விடுமுறையில் மட்டும் என்றால் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இல் கேமிங் கோளாறு இருக்கிறது, 2022 முதல் நடைமுறையிலும் இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விடக் கேம் முக்கியமாவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது. இது பொதுவாக 12 மாதம் நீடித்து, படிப்பையும் உறவுகளையும் கெடுக்க வேண்டும். அவன் நண்பர்களோடு வெளியே போகிறானா, நன்றாகத் தூங்குகிறானா, பள்ளி திறந்ததும் குறைத்துக்கொள்கிறானா? ஆமாம் என்றால் நிம்மதியாக இருங்கள். முன்பு பிடித்த எதுவுமே இப்போது பிடிக்கவில்லை என்றால் ஒரு வருடம் காத்திருக்காதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். கேம் பல பிள்ளைகளுக்கு ஒளியும் இடம். பள்ளியில் யாராவது துன்புறுத்துகிறார்களா என்பதையும் விசாரியுங்கள்.

கேம் ஆடினால் மூளை கூர்மையாகும் என்கிறார்களே?

கொஞ்சம். ஆக்‌ஷன் கேம் ஆடுபவர்களின் கண் பார்த்துக் கவனிக்கும் திறன் கூடுவதாக 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. கணக்கில் மதிப்பெண் கூடும் என்று அது சொல்லவில்லை. பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்பதே ஆடுவதற்குப் போதுமான காரணம்.

எனக்குக் கேம் என்றாலே ஒன்றும் புரியாது. 11 வயது மகளோடு எங்கிருந்து தொடங்குவது?

‘எனக்குக் கற்றுக்கொடு’ என்று பக்கத்தில் உட்காருங்கள். முதல் பத்து நிமிடத்திலேயே தோற்பீர்கள், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நடுவில் யாராவது வாய்ஸ் சாட்டில் பேசினால் அது யார் என்று சாதாரணமாகக் கேளுங்கள். ஃப்ரெண்ட்ஸ் பட்டியலைக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு பெயரையும் நேரில் தெரியுமா என்று பாருங்கள். தெரியாத பெயர்களை அவளையே நீக்கச் சொல்லுங்கள், வாய்ஸ் சாட்டை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றி வையுங்கள். ‘வேறு ஆப்பில் பேசலாம் வா’, ‘போட்டோ அனுப்பு’, ‘அம்மாவிடம் சொல்லாதே’: இந்த மூன்றில் எதை யார் சொன்னாலும் உடனே உங்களிடம் வந்து சொல்ல வேண்டும், சொன்னால் கேமைப் பிடுங்க மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடுங்கள்.